அடி எடுங்க, அண்ணே

பிள்ளைகளே,

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுப்பதென்றாலும், அட்டையைத் திருப்பிப் பிடித்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழுப் பெயரையும் வாய்விட்டு வாசித்த பிறகுதான் நான் பிரிப்பேன். "என்னப்பா, பிரேயர்ல நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிற?" என்று தம்பி கிண்டல் செய்வான். "நீங்க வாசிச்சி முடிக்கறதுக்குள்ள காய்ச்சலே வுட்டுடும்" என்பாள் அம்மா. சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் நோட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. பாப்பா, நீ விழுப்புரத்தில் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போது படிக்க வசதியாக, மருந்துப் பெயர்களைச் சுருக்கி எழுதி வைத்திருந்தாய். அட்ரினலினுக்கு 'அட்ரி'. அட்ரோபினுக்கு 'அட்ரோ'. அடினோசினுக்கு 'அடி'.

அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இதே மூன்று சுருக்கங்களை, இதே எழுத்துகளில், மூன்று வருடத்துக்கு முன்பு நான் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதனால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. உங்கள் இருவரிடமும் இதைச் சொன்னதில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் தம்பி திருத்திக்கொள்ளட்டும்.

நான் படித்தது பத்தாவது. அதிலும் இங்கிலீஷ் இரண்டாவது தடவையில்தான் தேறியது. கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் ஆம்புலன்ஸுக்கு வந்தேன். எங்கள் வேலையில் ஓட்டுநருக்குப் பைலட் என்று பெயர். நோயாளியோடு பின்னால் இருந்து சிகிச்சை செய்பவர் டெக்னீஷியன். அப்போது என்னோடு இருந்தவரை உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாரே, அந்த அத்தைதான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவதால் உங்களுக்கு அத்தை ஆனார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வண்டியில் இருந்த மருந்துப் பெட்டி, மெக்கானிக் வைத்திருக்கும் ஸ்பானர் பெட்டி மாதிரி. மூடியைத் திறந்தால் மேல்தட்டு ஒன்று எழும்பி நிற்கும். அதில் சின்னச் சின்ன அறைகள். எப்போதோ ஒரு தடவை தேவைப்படும் மருந்துகள் அங்கே. அதற்குக் கீழே ஆழமாக அடித்தட்டு. அடிக்கடி வேண்டியது, நிறைய வேண்டியது எல்லாம் அதில். அட்ரினலின் அடித்தட்டில் வரிசையாக இருக்கும். அடினோசின் மேல்தட்டில் மூன்றே மூன்று குப்பி.

அந்தப் பெட்டியைத் தொடுவது என் வேலையே இல்லை. ஆனால் பின்னால் இருப்பது ஒரு ஆள், இரண்டு கை. வண்டியை ஓரம் கட்டிவிட்டால் நானும் பின்னால் ஏறி, அத்தை கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். மருந்தின் மேல் எல்லாம் இங்கிலீஷில் பொடி எழுத்து. தடுமாறுவேன். அதனால் ஒரு மத்தியானம் வேலையில்லாமல் நின்றபோது, பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, பேனாவால் தமிழில் எழுதி அறைகளில் ஒட்டினேன். அறை சின்னது, பிளாஸ்திரி அதைவிடச் சின்னது. பெயரைச் சுருக்க வேண்டியதாகிவிட்டது. அத்தை பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க பைலட்டே இல்ல. மெடிக்கல் ஷாப் வெச்சிருக்க வேண்டிய ஆளு" என்றார். எனக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை. கொஞ்ச நாளில் நாங்கள் பேசுவதும் அப்படியே ஆகிவிட்டது. "அட்ரோ ஒண்ணு குறையுதுண்ணே." "அடி தேதி முடியப் போவுதும்மா." இப்படித்தான்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். கிளியனூரிலிருந்து அழைப்பு. டெய்லர் கடை வைத்திருக்கும் பெண், மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டார் என்று அவருடைய வீட்டுக்காரர் பேசினார்.

போய்ப் பார்த்தால், கடைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. அந்த டேப்பின் நுனி நெஞ்சின்மேல் துடித்துக்கொண்டே இருந்தது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

"எப்பவும் வர்ற படபடப்புதாம்மா" என்றார் வீட்டுக்காரர். "பத்து நிமிசத்துல அடங்கிடும். இன்னிக்கி ஒரு மணி நேரமா இப்பிடியே இருந்துக்கினு இருக்கா."

"ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?" என்றார் அத்தை.

"பயந்த சுபாவம்னு சொன்னாங்க. மந்திரிச்சிக் கயிறு கட்டிக்கினு வந்தோம்."

அந்த டெய்லர் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "மேடம், சாயந்திரத்துக்குள்ள வுட்டுடுவாங்களா? கல்யாண ஆர்டரு. ஒம்பது ஜாக்கெட்டு. ஹூக்கு மட்டுந்தான் பாக்கி."

"ஹூக்கை அப்புறம் பாக்கலாங்கா. மொதல்ல படுங்க" என்று அத்தை மானிட்டரை மாட்டினார். திரையில் எண் இருநூற்றுப் பத்து என்று காட்டியது. அத்தையின் முகம் மாறவில்லை. என்னைப் பார்த்து, "கெளம்பலாம்ணே" என்றார். மற்ற நாட்களில், "மெதுவா வாங்க" என்றும் சேர்த்துச் சொல்வார். அன்று சொல்லவில்லை.

தம்பி, உனக்குப் புரிகிற மாதிரி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இதெல்லாம் அன்று முழுதாகத் தெரியாது. பிறகு அத்தையிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

டவுன் பஸ் ஸ்டாப்பில் நின்றால்தானே ஆள் ஏற முடியும்? இதயமும் அப்படித்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் தளர்ந்து நிற்கிற நேரத்தில்தான் அதற்குள் ரத்தம் ஏறுகிறது. பிறகு சுருங்கி அதை வெளியே தள்ளுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு எழுபது, எண்பது தடவை. இருநூற்றுப் பத்து தடவை அடித்தால் நிற்கவே நேரமில்லை. பஸ் எல்லா ஸ்டாப்பையும் தாண்டிக் காலியாக ஓடுகிற மாதிரி. ஓட்டம் இருக்கும், ஆள் இருக்காது. மூளைக்கும் போதிய ரத்தம் போகாது. அதனால்தான் அவர் மயங்கிச் சாய்ந்தார்.

இந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? இதயத்தின் மேல் அறையில் ஓரிடத்தில் சின்னதாக மின்சாரம் பிறக்கிறது. அது கீழ் அறைகளுக்கு இறங்க நடுவில் ஒரு வாசல். சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்கு வழியும் அமைந்துவிடும். வாசல் வழியாக இறங்கின மின்சாரம் குறுக்கு வழியாக ஏறி, மறுபடி வாசல் வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டே இருக்கும். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே வழி தெரியாத வெளியூர் கார் சுற்றிச் சுற்றி வருமே, அது மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு.

அடினோசின் அந்த வாசலைச் சில நொடி சாத்திவிடும். சுற்றிக்கொண்டிருந்த மின்சாரம் முட்டி நின்றுபோகும். பிறகு மேலே இருந்து ஒழுங்காகப் புதிதாகப் பிறக்கும். ஆனால் இந்த மருந்து ரத்தத்தில் சில நொடிதான் உயிரோடு இருக்கும். அதனால் முழங்கை மடிப்பு நரம்பில் ஒரே மூச்சில் செலுத்தி, பின்னாலேயே உப்புத் தண்ணீரைத் தள்ளி, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அட்ரினலின் இதற்கு நேர் எதிர். நின்றுபோன இதயத்தை உசுப்புவதற்குக் கொடுப்பது. ஆக்சிலேட்டர் என்று வைத்துக்கொள். ஏற்கெனவே கட்டுக்கு அடங்காமல் ஓடுகிற வண்டியில் அதைப் போய் மிதித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திண்டிவனம் வருவதற்குள் அத்தை போனில் டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம் அப்போது தாங்கும் அளவில் இருந்தது. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள், வழியில் ஊத வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். எனக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

"அக்கா, இந்த காலி சிரிஞ்சுல வாய வெச்சி ஊதுங்க. உள்ள இருக்கறது நகரணும். முக்கி ஊதணும்."

"இது என்னா மேடம், ஊதறதுக்கு அடுப்பா?"

"அடுப்புன்னே நெனச்சிக்கங்க. ஊதுங்க... ஊதுங்க... வுடாதீங்க..."

ஊதினார். உடனே அத்தை அவருடைய கால்களைத் தூக்கிப் பிடித்தார். சில சமயம் இதற்கே இதயம் வழிக்கு வந்துவிடுமாம். அன்று வரவில்லை. இரண்டு தடவை முயன்றும் எண் இறங்கவில்லை. கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது அந்த அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். "என்னங்க, கண்ண இருட்டுது" என்பதுதான் நான் கேட்ட கடைசி வார்த்தை. அத்தை போனில், "சார், பிரஷர் எண்பதுக்கு வந்துட்டுது சார்" என்றார். டாக்டர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அத்தை கண்ணாடியைத் தட்டினார். "ஓரம் கட்டுங்கண்ணே. பின்னாடி வாங்க."

நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் விளக்கைப் போட்டு நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினேன். உள்ளே மானிட்டரின் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஒரே கோடாகக் கேட்டது. வீட்டுக்காரர் அந்த அளவு டேப்பைக் கையில் வைத்து, விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அத்தை அந்த அக்காவின் வலது முழங்கையில் ஊசிக் குழாய் போட்டிருந்தார். ஒரு கையால் அதைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் உப்புத் தண்ணீர் சிரிஞ்சு. கண் மானிட்டரில்.

"அக்கா, இழுப்பு, வீசிங் ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணே, அடி எடுங்க. ஜல்தி!"

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஏர்ஹாரனை அடித்துக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி போனது. வண்டியே ஆடியது. என் காதில் விழுந்தது, "அடில எடுங்க." அடியில் இருப்பதை எடு. அடித்தட்டு. அடித்தட்டில் அவசரத்துக்கு இருப்பது என்ன? அத்தை அவசரமாகக் கேட்டு நான் எடுத்துக் கொடுத்ததெல்லாம் அதுவரை பெரும்பாலும் அட்ரினலின்தான். கை தானாகப் போனது. மேல்தட்டை ஒதுக்கி, கீழே விட்டு, ஒரு குப்பியை எடுத்து, கழுத்தை உடைத்து, தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தேன். குப்பியின் மேல் ஒட்டியிருந்த பெயரை என் விரல் மறைத்திருந்தது.

அத்தை புது ஊசியை விட்டு மருந்தை இழுத்தார். குப்பியைப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக என் கையைப் பார்த்து எடுத்தவர், அன்றும் என் கையைத்தான் பார்த்தார். ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சைக் குழாயின் வாயில் திருகி மாட்டினார். இன்னொரு வாயில் உப்புத் தண்ணீர். கட்டைவிரல் சிரிஞ்சின் முனையில் உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, இப்போ நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. எண்ணிப் பத்து எண்ணறதுக்குள்ள..."

நிறுத்திவிட்டார். சிரிஞ்சைப் பார்த்தார்.

"ஒரு மில்லிதான் இருக்கு."

"இருந்தது அவ்வளோதாம்மா" என்றேன்.

"ரெண்டு வரணுமே. அடி ரெண்டு மில்லிண்ணே." குரல் தணிந்துவிட்டது. கட்டைவிரலை மெதுவாக எடுத்தார், சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல. "குப்பியில என்னா எழுதியிருக்குதுன்னு வாசிங்கண்ணே."

உடைந்த குப்பி இன்னும் என் கையில் இருந்தது. விரலை நகர்த்தினேன். பழுப்புக் கண்ணாடி. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தேன். "அட்... ரி... ன... லின்."

வண்டிக்குள் மானிட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அத்தை திட்டவில்லை. குழாயைத் திருகி அடைத்தார். சிரிஞ்சைக் கழற்றினார். கழித்த ஊசிகளைப் போடும் டப்பாவில் அப்படியே போட்டார். பிறகு, ஒரு எழுத்தும் விடாமல் சொன்னார்.

"அடினோசின். மேல்தட்டு. எடுத்து, வாசிச்சிட்டு, அப்புறம் ஒடைங்க."

மேல்தட்டில், நான் ஒட்டின பிளாஸ்திரிக்குப் பின்னால், மூன்று குப்பிகள். ஒன்றை எடுத்தேன். எழுத்துகள் ஆடின. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். "அ... டி... னோ... சின்." குப்பியை அவர் கண்ணெதிரே நீட்டினேன். அவரும் வாசித்தார். இருவரும் சொன்னது ஒன்றாக இருந்தது. உடைத்தேன்.

இரண்டு மில்லி ஏறியது. மாட்டினார். தள்ளினார். பின்னாலேயே உப்புத் தண்ணீரைத் தள்ளினார். நான் கையைத் தூக்கிப் பிடித்தேன்.

அந்த அக்கா கண்ணை அகல விரித்து, "அய்யோ, என்னமோ ஆவுது" என்றார். மானிட்டரின் சத்தம் அறுந்துவிட்டது. திரையில் கோடு நேராகப் படுத்து ஓடியது. அத்தை முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தார், அந்த மருந்து போனால் சில நொடி அது அப்படித்தான் ஓடும் என்று. தெரிந்திருந்தும் என்ன? எது உள்ளே போனது என்று எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. இப்போதுதான் வாசித்தேன், இரண்டு பேர் வாசித்தோம், இருந்தாலும் வந்தது.

"கோடு படுத்துக்கிச்சே! ஏம்மா, படுத்துக்கிச்சே!" என்று வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க" என்றார் அத்தை, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் எண்ணினேன். ஐந்து வரை எண்ணினது தெரியும். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருமா என்று இருந்தது. வந்தது. பிறகு, நிதானமாக, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று வருகிற பஸ் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. எண் தொண்ணூற்றிரண்டு.

"செத்துப் பூட்டு வந்தேன் மேடம்" என்றார் அந்த அக்கா.

"வந்துட்டீங்க இல்ல? படுங்க" என்றார் அத்தை. அப்போதுதான் அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுத்தார்.

விழுப்புரத்தில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அந்த அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், நடுவுல ஏதோ பேரு வாசிச்சீங்களே. அப்புறம் வேற பேரு வாசிச்சீங்க. என்னா அது?"

வேலை சம்பந்தமாக ஏதோ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பான மருந்தை எடுத்துக் கொடுத்துட்டேங்க. மேடம் கண்டுபிடிச்சாங்க. உங்களுக்குப் போவல" என்றேன்.

"என்னா சார், எங்கூட்டுப் பொம்பளைய சாவடிக்கப் பாத்தீங்களா?" என்று வீட்டுக்காரர் எகிறினார். நியாயந்தான்.

அந்த அக்கா மட்டும், "மாட்டினதுக்கு அப்புறமா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க. மாட்டினதுக்கு அப்புறம்."

"ம்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த "ம்" பல நாள் என்னோடு இருந்தது.

அன்று சாயந்திரம் நடந்ததை எழுதிக் கொடுத்தோம். "பேரை வாசிக்காம இழுத்தது நான்" என்று அத்தை எழுதினார். "சுருக்கி எழுதி ஒட்டினது நான்" என்று நான் எழுதினேன். மேலே கூப்பிட்டு விசாரித்தார்கள். இருவரையும் ஒரு வாரம் வண்டியில் ஏற்றவில்லை, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். "வண்டி ரிப்பேர்" என்று உங்களிடம் சொன்னேனே, அந்த வாரந்தான். திரும்பி வந்து நான் செய்த முதல் வேலை, பிளாஸ்திரிகளை நகத்தால் சுரண்டி எடுத்தது. அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் எடுப்பவர் முழுப் பெயரை வாசிப்பார், வாங்குபவரும் வாசிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் உடைப்போம்.

பாப்பா, காலேஜில் சேர்ந்தபோது உன் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க உன்னைக் கிளியனூருக்குக் கூட்டிப்போனேன். "திண்டிவனத்துல இல்லாத டெய்லராப்பா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாய். அந்தக் கடை அந்த அக்காவுடையதுதான். புதுச்சேரியில் அவருடைய இதயத்தில் இருந்த குறுக்கு வழியைச் சுட்டு அடைத்துவிட்டார்கள். இப்போது படபடப்பு இல்லை. அவர் அளவெடுத்துச் சொல்லச் சொல்ல, என் கையில் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். முடித்ததும், "பைலட் சார், எழுதினத வாசிங்க" என்றார்.

"பதினாலரை, முப்பத்திரண்டு..."

"சுருக்காதீங்க சார். எது பதினாலரை?"

"தோள் பதினாலரை" என்றேன். அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். அவர் எதற்குச் சிரித்தார் என்று உனக்குத் தெரியாது. நான் கடைசிவரை வாசித்து முடித்த பிறகுதான் அவர் கத்தரியை எடுத்தார்.

உன் நோட்டில் நான் கை வைக்கவில்லை. மேஜைமேல் அந்தப் பக்கத்திலேயே திறந்து வைத்திருக்கிறேன். 'அடி'யை நீயே அடித்துவிட்டு, பக்கத்தில் முழுப் பெயரை எழுது. எழுதியதும் எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு.